சிவப்புக்குக் கீழே

நார்மலைஸ் என்று எழுதியிருந்த இடத்தில் அம்பைக் கொண்டுபோய் வைத்து அழுத்தினார் இன்னாசிமுத்து. ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினார். ஒரு பச்சைப் பட்டை இடமிருந்து வலமாக ஓடி மறைந்தது, வேலை முடிந்தது என்று லேப்டாப் சொன்னது, ஆனால் திரையிலிருந்த நீல அலை இம்மியும் அசையவில்லை. முன்னால் ஒரு குன்று, அதற்குப் பின்னால் தரையோடு தரையாக ஒரு கோடு. காலையிலிருந்து எந்தக் கோப்பைத் திறந்தாலும் இதே லட்சணம்தான். மத்தியானச் சோற்றின் களைப்பு கண்ணைச் சொருகியது, ஹெட்ஃபோன் வியர்வையில் காதோடு ஒட்டிக்கொண்டது, படுக்கையறைக் கதவைச் சாத்தியிருந்தும் கூடத்தில் மனைவி பிலோமினா பார்த்துக்கொண்டிருக்கும் சீரியலின் அழுகை கதவுக்கு அடியில் புகுந்து வந்தது. சாயங்காலத்துக்குள் அனுப்பியாக வேண்டும். பர்வீன் அப்படித்தான் சொல்லியிருந்தாள். பர்வீன் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண். பேச்சு இனிமேல் வராது என்று தெரிந்தவர்களுக்கும் சிரித்த முகத்தோடு பயிற்சி கொடுக்கவேண்டிய உத்தியோகம் அவளுக்கு. பிலோமினா பேசிய பதிவுகள் தெளிவாகக் கிடைத்தால் அதை வைத்து அதே குரலைக் கம்ப்யூட்டரில் செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள், பிற்பாடு ஆன்ட்டி டேப்லெட்டில் தட்டினால் அது ஆன்ட்டியின் குரலிலேயே பேசும், வாய் குழறுவதற்குள் பதிந்து வைத்துவிடுங்கள் அங்கிள் என்று போன மழைக்காலத்தில் சொன்னதும் அவள்தான். பதிந்தார். இன்று காலையில் போன் செய்து, எல்லாவற்றையும் கேட்டேன், சத்தத்தின் லெவல் ரொம்பக் கம்மி, இப்படியே அனுப்பினால் திருப்பிவிடுவார்கள், நார்மலைஸ் செய்து அனுப்புங்கள், இன்றைக்கு விட்டால் அடுத்தது எப்போது எடுப்பார்களோ தெரியாது என்றாள். திரும்பப் பதியலாமே என்று அவளும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. தசையைத் தளரவைக்கும் வியாதியில் பிலோமினாவின் நாக்கு ஈஸ்டருக்கு முன்பே பேச்சை நிறுத்திவிட்டது. இப்போது அவள் வாயிலிருந்து வருவது ஒரே ஒரு சத்தம், அதை வைத்து எந்தக் குரலையும் செய்ய முடியாது.

லெவல் கம்மி. அதைக் கேட்டதும் முதலில் வந்தது கோபம், யார் மேல் என்று தெரியாத கோபம், ஏனென்றால் லெவல் வைத்தது அவரேதான். மகள் வாங்கி அனுப்பிய மைக்கை மேஜையில் நிறுத்தி, பீரோவின் மேலிருந்து கம்பளியைத் தொங்கவிட்டு, ஜன்னல் இடுக்கில் பழைய வேட்டியைச் செருகி, எல்லாம் முறைப்படி. பாய்லர் தொழிற்சாலையில் பிரஷர் டெஸ்ட் பிரிவில் தலை நரைத்த மனுஷன் அவர். முள் சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிறவரைக்கும்தான் சாயங்காலம் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். குறைந்தால் ஏற்றிக்கொள்ளலாம், கூடினால் பொறுக்கி எடுக்கக்கூட ஆள் மிஞ்சாது. மைக்கைச் சொருகியதும் லேப்டாப்பிலும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அதே முள் வந்து நின்றதைப் பார்த்தபோது, பழைய சிநேகிதனைப் பார்த்த மாதிரி இருந்தது. சத்தம் சிவப்பில் போய் முட்டினால் அலையின் தலை வெட்டுப்பட்டுவிடும், வெட்டுப்பட்டதை ஒட்ட வைக்க முடியாது என்று ஏதோ வீடியோவில் ஒருவன் சொன்னான். அவருக்கு அது போதும். ஏதாவது பேசு, லெவல் பார்க்கணும் என்றார். பிலோமினா மைக்கைப் பார்த்தாள், கம்பளியைப் பார்த்தாள், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டு திரையை முறைத்துக்கொண்டிருந்த புருஷனைப் பார்த்தாள். “என்னைய என்ன பாய்லருன்னு நெனச்சிட்டீங்களா?” என்றாள். சொல்லிவிட்டுத் தன் பேச்சுக்குத் தானே சிரித்தாள். அங்கன்வாடியில் ஒரு கூடம் நிறையப் பிள்ளைகளை அடக்கிப் பழகிய தொண்டை, வார்த்தை கொஞ்சம் குழைய ஆரம்பித்திருந்ததே தவிர சிரிப்பு அப்படியே இருந்தது, வெண்கலக் கடையில் யானை புகுந்தது மாதிரி. முள் நேராகச் சிவப்பில் போய் இடித்தது. பதறிப்போய் மைக்கிலிருந்த லெவல் திருகைக் குறைத்தார். அவர் பதறியதைப் பார்த்து அவள் இன்னும் சிரித்தாள். இன்னும் குறைத்தார். அந்தச் சிரிப்பு மஞ்சளுக்குள் அடங்கி உட்காருகிற இடம்வரை குறைத்துவிட்டு, கை பட்டு மாறிவிடக் கூடாது என்று திருகின் மேல் டேப் வேறு ஒட்டினார். அதற்கப்புறம் அந்த மைக்குக்கு முன்னால் அவள் சிரிக்கவே இல்லை. வராத சிரிப்புக்காக மேலே அவ்வளவு இடத்தை விட்டுவைத்து, வந்த பேச்சையெல்லாம் தரையில் கிடத்தியிருக்கிறார். சரி, அந்தச் சிரிப்பாவது இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. டெஸ்ட்தானே என்று பதிவுப் பொத்தானை அவர் அழுத்தியிருக்கவில்லை. டெஸ்டை யாராவது பதிவார்களா.

கூடத்தில் இருமல் கேட்டது. ஹெட்ஃபோனை ஒரு காதிலிருந்து விலக்கிக் கேட்டார். ஒன்று, அப்புறம் தொடர்ந்து இரண்டு, அப்புறம் அந்த இழுப்பு. விழுங்குவது எச்சிலாக இருந்தாலும் இப்போதெல்லாம் புரை ஏறுகிறது. எழுந்து போகலாமா, போனால் கையை ஆட்டி விரட்டுவாள், போகாவிட்டால்? என்றைக்கோ ஒருநாள் இந்த இருமல் நிற்காமல் போகப்போகிறது, அன்றைக்கும் இவர் இப்படிக் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நின்றுவிட்டது. சீரியலில் யாரோ யாரையோ வீட்டை விட்டுப் போகச் சொன்னார்கள். அவர் திரும்பவும் திரையைப் பார்த்தார், குன்று, கோடு. ஏன் ஏறமாட்டேன் என்கிறது? நார்மலைஸ் என்றால் எல்லாவற்றையும் தூக்கி நிறுத்துவது என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். போனில் தேடிப் படித்தார், புரியவில்லை, இன்னொரு இடத்தில் படித்தார், புரிந்ததும் புரியாமலே இருந்திருக்கலாம் என்று இருந்தது. கோப்பில் எந்தச் சத்தம் எல்லாவற்றையும்விடப் பெரியதோ அதைத்தான் அந்த நார்மலைஸ் பார்க்கும். அந்தப் பெரிய சத்தம் கூரையைத் தொட இன்னும் எவ்வளவு இடம் இருக்கிறதோ அவ்வளவுதான் மற்ற எல்லாமும் ஏறலாம். அது ஏற்கெனவே கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றால் யாரும் ஏற முடியாது. அந்தக் குன்றை ஓடவிட்டுக் கேட்டார். “சொல்லு. அண்ணனும் தங்கையும் ஆற்றங்கரைக்குச் சென்றனர். சத்தமா.” அவருடைய குரல்தான். ஆஸ்பத்திரியில் கொடுத்த வாக்கியத் தாளை அவளிடம் கொடுத்தால் சரசரக்கும் என்று தன் கையிலேயே வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக அவர் சொல்ல அவள் திருப்பிச் சொல்லவேண்டும் என்று ஏற்பாடு செய்திருந்தார், பால்வாடிப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது போல. பிள்ளைகளுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தே ரிட்டயரானவளுக்கு. மைக்குக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அவள், லெவலைப் பார்க்க வசதியாக இவர்தான் அதை ஒட்டி உட்கார்ந்திருந்தார்.

ஆகவே வெட்டவேண்டியது தன்னைத்தான். குன்றின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை இழுத்து, அழித்தார். அடுத்த கோப்பு, சொல்லு, இன்று வானம் மேகமூட்டமாக இருக்கிறது, சத்தமா, அழி. அடுத்தது. ஒருத்தனுடைய குரலை அவனே திரும்பத் திரும்பக் கேட்பதைப்போல ஒரு தண்டனை பைபிளில்கூடக் கிடையாது. இவ்வளவு கரகரப்பா? இவ்வளவு அவசரமா? இது மேற்பார்வையாளன் குரல், ஷிப்டு முடிய இன்னும் நேரம் இருக்கிறது, வேலை நடக்கட்டும் என்கிற குரல். வீட்டிலும் இதே குரலில்தான் பேசியிருக்கிறாரா, அல்லது மைக்கைப் பார்த்ததும் வந்துவிட்டதா? யாரிடம் போய்க் கேட்க. கேட்கிறதற்கு இருந்த ஒருத்தியும் வாயைத் திறக்க முடியாமல் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். மெதுவாப் பேசு, பக்கத்து வீட்டுக்குக் கேக்குது. மெதுவாச் சிரி, அம்மா தூங்குறாங்க. மெதுவா, மெதுவா என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லி வந்த அதே வாய், கடைசியில் சத்தமா, சத்தமா என்று மாற்றிச் சொல்லியிருக்கிறது. இரண்டில் எதற்கும் அவள் பதில் சொன்னதாக ஞாபகம் இல்லை. இல்லை, ஒருதரம் சொன்னாள், மகளின் முதல் நற்கருணை விருந்தில் என்று நினைவு, எல்லோருக்கும் முன்னால், “எங்க வீட்டு ஐயாவுக்கு நான் மூச்சு விடறதே சத்தந்தான்” என்றாள், விருந்தே சிரித்தது, இவரும் சிரித்தார். அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. அது அவளுக்குத் தெரிந்திருக்குமா? தெரிந்திருக்கும். அதற்கப்புறம் அவள் அவரைப் பற்றிப் பலர் முன்னால் எதுவும் சொன்னதில்லை.

தன்னை வெட்டி எடுத்த கோப்பில் நார்மலைஸை அழுத்தினார். இந்தத் தடவை ஏறியது. தரையில் கிடந்த கோடு மளமளவென்று எழுந்து திரையை அடைத்துக்கொண்டு நின்றது, இன்னாசிமுத்து மாதாவே என்றுகூடச் சொல்லியிருப்பார், ஓடவிட்டார். காதுக்குள் ஒரு மழை கொட்டியது. மழைக்குள்ளே எங்கோ பிலோமினா. அண்ணனும் தங்கையும், என்று தகரக் கூரைக்கு அடியிலிருந்து பேசுகிறாள், ஆற்றங்கரைக்கு, என்கிற இடத்தில் ஒரு விமானம் தாழ்வாக இறங்குகிறது, ஏர்போர்ட் பக்கம் கே.கே. நகரில் வீடு வாங்காதே என்று அப்போதே சொன்னார்கள், சென்றனர் என்பது காதில் விழவே இல்லை. அலை ஏறியது, உண்மை. அவளோடு சேர்ந்து அந்த அறையில் இருந்த அத்தனையும் ஏறிவிட்டது. பிரிட்ஜ் உறுமுவது, தெருவில் யாரோ பைக்கை முறுக்குவது, கடிகாரம், எல்லாவற்றுக்கும் மேலே அந்த ஃபேன். ஃபேனை அணைத்துவிட்டுத்தான் ஆரம்பித்தார். கதவு ஜன்னலெல்லாம் அடைத்து, கம்பளியும் தொங்கினால் அறை அடுப்பு மாதிரி இருக்காதா, அவள் சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பார்க்கப் பாவமாக இருந்தது. ஒன்றில் வைக்கிறேன், சத்தம் வராது என்று அவராகத்தான் எழுந்துபோய் ஃபேனைப் போட்டார், அவள் நன்றியோடு பார்த்தாள். அந்தக் காரியம் முழுக்க அவர் அவளுக்காகச் செய்த ஒரே நல்லது அதுதான், இப்போது அதுதான் கறகறவென்று அவள் பேசுகிற ஒவ்வொரு வார்த்தையையும் அரைத்துக்கொண்டிருந்தது. இரைச்சலைக் குறைக்கிற வித்தை ஒன்றும் அந்த மென்பொருளில் இருந்தது. போட்டுப் பார்த்தார். ஃபேன் போயிற்று, கூடவே அவளுடைய ச, ஷ எல்லாம் போயிற்று, தண்ணீர்த் தொட்டிக்குள் முங்கிக்கொண்டு யாரோ பேசினார்கள், அது பிலோமினா என்று சொன்னால் அவளே நம்பமாட்டாள். வேண்டாம் என்று பழையபடியே ஆக்கினார்.

வேறே எங்கேயாவது அவள் குரல் இருக்காதா? இந்தக் கேள்வியை அவர் ஏற்கெனவே கேட்டு முடித்தாயிற்று, ஆனாலும் பல் போன பொக்கைக்கு நாக்குப் போவது மாதிரி மனசு அங்கேயே போனது. அங்கன்வாடி ஆண்டு விழா வீடியோவில் இருக்கிறாள், மைக் செட் கூவுகிற கூவலில் அவள் என்ன சொல்கிறாள் என்று தெரியாது. மகள் கல்யாண வீடியோவில் வருகிறாள், போகிறாள், வாய் அசைகிறது, மேலே பாட்டைப் போட்டு மூடிவிட்டான் வீடியோக்காரன். வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புவாள். டைப் அடிக்கப் பொறுமை கிடையாது, ஏங்க, வர்றப்ப கறிவேப்பில, ஏங்க, எங்க இருக்கீங்க, ஏங்க, சபரிமுத்து மாமா வந்திருக்காரு சீக்கிரம் வாங்க. கேட்டதும் அழித்துவிடுவார். போனில் இடம் அடைத்துக்கொண்டிருப்பது அவருக்குப் பிடிக்காது, வாரக் கடைசியில் உட்கார்ந்து துடைத்துச் சுத்தமாக வைத்துக்கொள்வார், அதில் ஒரு பெருமையும் உண்டு. அவளுடைய தங்கைக்கும் அனுப்பியிருப்பாள், அந்தத் தங்கை போனை மாற்றிவிட்டாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். போகட்டும், பதிவில் இல்லாவிட்டால் என்ன, இத்தனை வருஷம் கேட்ட குரல் தலைக்குள் இல்லாமலா போகும் என்று கண்ணை மூடிக்கொண்டு அவளைப் பேசவைத்துப் பார்த்தார். ஏங்க, வர்றப்ப கறிவேப்பில. வந்தது. ஆனால் வந்தது அவருடைய குரலில். அவர் மனசுக்குள் அவளை மாதிரி பேசிக் காட்டுகிறார், அவ்வளவுதான். மறுபடி முயன்றார், வார்த்தை அவளுடையது, இழுப்பு அவளுடையது, சத்தம் மட்டும் அவர். பயமாக இருந்தது. அவள் அந்தக் கூடத்தில் உயிரோடு உட்கார்ந்திருக்கும்போதே இப்படி என்றால், அப்புறம்? வீடு முழுக்க அவர் ஒருத்தர்தான் பேசிக்கொண்டிருப்பார், அவருக்காகவும் அவளுக்காகவும், ஒரே கரகரப்பில். யாரும் குறுக்கே பேசாத வீட்டை அவர் ஒரு காலத்தில் விரும்பியதும் உண்டு.

மூன்றரை மணி ஃபிளைட் கூரையை உரசிக்கொண்டு போனது. உட்கார்ந்து அழுதால் கோப்பு தெளிவாகிவிடுமா, ஆனமட்டும் பார்ப்போம், பத்திருபது வாக்கியம் தேறினால் போதும் என்று பர்வீன் சொல்லாவிட்டாலும் அவராகச் சொல்லிக்கொண்டு பதிவு தொடங்கிய முதல் நாள் கோப்புகளை வரிசையாகத் திறந்தார், வெட்டினார், ஏற்றினார். அப்போதுதான் அதைக் கேட்டார். எனக்குத் தலை வலிக்கிறது என்று பிலோமினா சொல்லிக்கொண்டிருக்கும்போது, வலிக்கிறது என்பதன் நடுவில், மிக அருகில், ஒரு சின்னச் சத்தம். ப்ச். முதலில் மைக் கம்பியில் ஏதோ கோளாறு என்று நினைத்தார். அடுத்த கோப்பிலும் இருந்தது. ஜன்னலைத் திறந்து, ப்ச், வையுங்கள். அதற்கடுத்ததில் இரண்டு. ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டார், நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுக்கிற சத்தம், ஒரு மனுஷனின் வாய்ச் சத்தம். அந்த அறையில் இருந்தது இரண்டே வாய், ஒன்று பேசிக்கொண்டிருந்தது. அவர் அப்படிச் செய்கிறவர் என்று இந்த வயசுவரை அவருக்குத் தெரியாது. யாரும் சொன்னதில்லை. அவள் ஒரு எழுத்தில் தடுக்கும்போது வருகிறது, ரகரம் நழுவும்போது வருகிறது, வாக்கியத்தைப் பாதியில் விட்டு மூச்சு வாங்கும்போது கண்டிப்பாக வருகிறது. பதியும்போது இது காதில் விழவே இல்லையே, முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்குக் காது எங்கே இருந்தது. அவளுக்குக் கேட்டிருக்கும். எதிரே ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்திருந்தவளுக்குக் கேட்காமல் இருக்குமா. வார்த்தைக்கு முன்னால் வந்திருந்தால் வெட்டிவிடலாம், பின்னால் வந்திருந்தால் வெட்டிவிடலாம். வார்த்தையின் மேலேயே விழுந்திருக்கிறது, அதை எடுத்தால் அவளையும் எடுக்கவேண்டும்.

ஏதோ ஒன்று உறுத்த, எல்லாக் கோப்பையும் வெட்டுவதற்கு முன்னால் இருந்தபடியே, பதிந்த வரிசையில் ஒன்றன்கீழ் ஒன்றாகத் திரையில் விரித்தார். ஒரே திருகு, ஒரே டேப், லெவல் மாறவே இல்லை, ஆகையால் அவள் எவ்வளவு சத்தமாகப் பேசினாளோ அவ்வளவுதான் கோடு. முதல் வாக்கியத்தில் அவள் கோடு தடிமனாக இருந்தது. சின்ன மேடுகள்கூட இருந்தன. முதல் ப்ச் விழுந்த இடத்துக்கு அடுத்த வாக்கியத்தில் கொஞ்சம் இளைத்தது. அப்புறம் இன்னும். அந்த ஒரு காலைப்பொழுதுக்குள்ளேயே, ஒரே உட்காரலில், பத்தாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் பென்சில் கோடு ஆகிவிட்டாள். வியாதி அவ்வளவு வேகமாக வரவில்லை. அன்று சாயங்காலம் எதிர்வீட்டு அம்மாளிடம் மாடியிலிருந்தபடி அவள் பேசியது தெருமுனைவரை கேட்டது, அது இவருக்கு நன்றாக நினைவிருக்கிறது, குரல் போகுதுன்னு சொல்றா, இங்க மட்டும் எப்படி வருது என்று மனசுக்குள் எரிச்சல்பட்டதும் நினைவிருக்கிறது. மறுநாளும் அப்படித்தான், தொடக்கத்தில் கொஞ்சம் தடிமன், போகப்போக நூல். அதற்கடுத்த நாளும். வியாதி, வியாதி, லெவல் குறைவதெல்லாம் வியாதி என்று பர்வீனிடம் சொல்லிவைத்திருந்தார், மகளிடம் போனில் அழுதுகூட இருந்தார். அவமானம், அதற்குமேல் வேறு பெயர் வைக்கவேண்டியதில்லை. அவர் அவளுடைய குரலைப் பதிந்து வைக்க உட்கார்ந்தார், அவள் குரல் அவருக்கு முன்னால் எப்படி அடங்கும் என்பதைப் பதிந்து வைத்திருக்கிறார், மிக ஒழுங்காக, தேதிவாரியாக.

இருந்தாலும் அனுப்பலாம். மனசு அப்படியும் சொன்னது. இருக்கிறதில் தேவலையான கோப்புகளைப் பொறுக்கி, ஏற்றி, அனுப்பினால் அவர்கள் ஏதாவது செய்வார்கள், இப்போதெல்லாம் என்னென்னவோ செய்கிறார்களாம். ப்ச்சையும் சேர்த்துச் செய்துவிட்டால்? அவள் டேப்லெட்டில் தட்டும்போதெல்லாம், தண்ணீர் வேண்டும் என்று அவள் குரல் சொல்ல, நடுவில் அவர் சலித்துக்கொண்டால்? சிரிக்கலாம் போலிருந்தது. முதல் நாள் கோப்பு ஒன்றை, இருப்பதிலேயே நல்லதை, மறுபடி ஓடவிட்டுக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. பிலோமினா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், இடுப்பில் டேப்லெட். நடை இன்னும் இருக்கிறது, கையும் இருக்கிறது, முகம்தான் இறங்கிவிட்டது. கன்னத்துத் தசை பிடிப்பில்லாமல் தொங்கி, எந்நேரமும் ஒரே பாவனையில் இருக்கிறாள். வந்து கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, ஹெட்ஃபோனைக் காட்டிக் கையை நீட்டினாள். கொடுத்தார். மாட்டிக்கொண்டாள். அவர் ஓடவிட்டார். அவள் கண் திரையில் இருந்தது. ஒரு வாக்கியம் கேட்டாள், இன்னொன்று என்று விரலால் சொன்னாள், அப்புறம் இன்னொன்று. வெளியே எதுவும் கேட்கவில்லை, ஆனால் எந்த இடத்தில் என்ன வரும் என்று அவருக்கு மனப்பாடமாகியிருந்தது. இப்போது வந்திருக்கும், இப்போது இரண்டாவது. அவள் முகம் மாறவில்லை. முகம்தான் மாறாதே. ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜைமேல் அவளே பத்திரமாக வைத்தாள். டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்ட ஆரம்பித்தாள். அதற்கு நேரமாகும். அந்த நேரத்தில் குறுக்கே பேசக்கூடாது என்று பர்வீன் சொல்லியிருக்கிறாள், இன்னாசிமுத்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டேப்லெட்டில் இப்போது பேசுவது ஆயத்தமாக வருகிற ஒரு பெண் குரல். ரயில்வே ஸ்டேஷனில் வண்டி தாமதம் என்று சொல்கிற குரலுக்கு ஒன்றுவிட்ட தங்கை. பேச்சுத் தமிழில் தட்டினால் கடித்துத் துப்பிவிடும், அதனால் பிலோமினாவும் வேறு வழியில்லாமல் எழுத்துத் தமிழுக்கு மாறிவிட்டாள், வீட்டில் உட்கார்ந்துகொண்டு புருஷனிடம் தண்ணீர் கொண்டு வாருங்கள் என்கிறாள். அந்தக் குரல் இப்போது, எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல், கணீரென்று சொன்னது.

“இது என் குரல் இல்லை. உங்களுக்குப் பயந்த குரல். இது வேண்டாம்.”

அவர் எதையோ சொல்லப்போனார். ஃபேனைப் பற்றி, லெவலைப் பற்றி, இன்னும் கொஞ்சம் சரி செய்தால் என்று. வாய்வரை வந்ததெல்லாம் நார்மலைஸ் சம்பந்தமாகவே இருந்தது. பர்வீன்கிட்ட நான் என்ன சொல்ல என்று மட்டும் கேட்டார். அவள் தட்டினாள். இதுவே போதும் என்று சொல்லுங்கள் என்றது அந்தக் குரல். அவள் டேப்லெட்டின் முதுகை ஒருமுறை தட்டிக்கொடுத்தது போலவும் இருந்தது, பிடியை மாற்றியது போலவும் இருந்தது. ஆக, முடிந்துவிட்டது. இனி இந்த வீட்டில் பிலோமினா இந்தக் குரலில்தான் பேசுவாள், பேசுகிறவரைக்கும். காலையிலிருந்து வெட்டி ஏற்றியதெல்லாம் திரையில் அப்படியே விரிந்து கிடந்தது. அவர் அவளைப் பார்த்தார். கோபமாக இருக்கிறாளா, கிண்டல் செய்கிறாளா, அல்லது அலுத்துப்போய் விட்டுக்கொடுக்கிறாளா என்று பார்த்தார்.

“கோவமா, பிலோமி?”

அவள் தட்டினாள். “இல்லை” என்றது டேப்லெட்.

பிலோமினாவிடம் எத்தனையோ இல்லை உண்டு. கோபம்தான், ஏன் என்று நீயே கண்டுபிடி என்கிற இல்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டு முதுகால் சொல்கிற இல்லை. கோபமெல்லாம் போன வாரமே போயிடுச்சு, உங்களுக்கு இப்பத்தான் தெரியுதா என்று கடைசி எழுத்தில் சிரிப்பை ஒளித்து வைத்துச் சொல்கிற இல்லை. அடுத்த அறையில் இருந்தாலும் அவருக்கு எது எதுவென்று தெரியும், அந்த ஒரு விஷயத்தில் அவர் தப்பியதே கிடையாது. “இன்னொரு தடவ சொல்லு” என்றார். அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடியும் விரலை வைத்தாள். இல்லை என்றது அது, முன்னால் சொன்ன அதே இல்லை, ஒரு மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவர் குனிந்து அந்தச் சின்ன ஸ்பீக்கரில் காதை வைத்துக்கொண்டு, இன்னொரு தடவை என்றார்.